குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் சேர்த்து நடத்துகிறேன். டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) விண்ணப்பம் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, ரிசல்ட் பார்ப்பது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுவது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளின் தேர்வு வேலையில் பாதி என் கடையில்தான் நடக்கிறது. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற அரசுப் பணிகளுக்கு அந்த ஆணையம் நடத்துவதுதான் குரூப் 4. 2012 முதல் 2018 வரை நானும் இந்தத் தேர்வை எழுதியவன். அதனால் விண்ணப்பம் போட வருகிறவர்கள் பிரிண்ட் வரும்வரை நின்று மனசில் இருப்பதைக் கேட்பார்கள். பல வருஷமாக ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவரிடமும் அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன். எந்தப் புத்தகம் படிப்பது, எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

“அண்ணே, இத்தனை லட்சம் பேர் எழுதுறாங்க. எனக்கெல்லாம் கிடைக்குமா?”

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2024 ஜூன் 9-ம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பில் இருந்தது 6,244 இடங்கள், பிறகு கூட்டிக் கூட்டி 9,491 ஆனது. அதாவது 200 பேருக்கு மேல் ஒரு இடம். 2025 ஜூலை 12-ம் தேதித் தேர்வுக்கு அறிவித்தது 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இது சின்னப் போட்டி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த 20 லட்சம் பேரும் உங்களோடு மோதுகிறவர்கள் இல்லை. 2024-ல் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் தேர்வு அறைக்கே வரவில்லை. என் கடையில் விண்ணப்பம் போடும் பத்துப் பேரில், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் புத்தகங்களை ஒரு தடவையாவது முழுசாக முடித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மீதிப் பேர், வீட்டில் சொன்னார்கள், கூடப் படித்தவன் போட்டான் என்று போடுகிறவர்கள்.

அதனால் என் பதில் இதுதான்: கிடைக்கலாம். “கண்டிப்பாகக் கிடைக்கும் தம்பி” என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லி அனுப்பினால் கிடைக்காதபோது தன்னிடம்தான் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும். நன்றாகப் படித்தும் கிடைக்காமல் போக இடமுள்ள தேர்வு இது. இதை ஒப்புக்கொண்டு படிக்கத் தொடங்குகிறவர்கள்தான் கடைசிவரை தெம்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

“எத்தனை வருஷம் படிச்சா வேலை வாங்கலாம்?”

வருஷத்தை எண்ணாதீர்கள், தேர்வை எண்ணுங்கள். கடந்த சில குரூப் 4 தேர்வுகள் நடந்தது 2018, 2019, 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில். 2019 கடைசியில் படிக்கத் தொடங்கிய ஒருவர் முதல் தேர்வை எழுதியதே 2022 ஜூலையில்தான், நடுவில் கொரோனா. ரிசல்ட் வந்தது 2023 மார்ச்சில். மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, ஆனால் அவர் எழுதியது ஒரே ஒரு தேர்வு. ஊருக்குள் அவருக்கு வைத்த பேர் “மூணு வருஷமா சும்மா படிச்சிக்கிட்டே இருக்கான்” என்பது.

“அடுத்த நோட்டிபிகேஷன் எப்ப வரும்னே தெரியலை. எதை நம்பிப் படிக்கிறது?”

தேர்வாணையம் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். தேதி தள்ளிப் போகலாம், இடங்கள் கூடலாம், குறையலாம். நீங்கள் எவ்வளவு கவலைப்பட்டாலும் அதில் ஒரு நாள்கூட மாறப்போவதில்லை. அப்படியிருக்க, அந்தத் தேதியில் மட்டும் நம்பிக்கையைக் கட்டிவைத்தால் அறிவிப்பு தள்ளும்போதெல்லாம் அது அறுந்துவிழும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை ஒரு நாள் ஐந்து தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். “சுவத்துல ஒட்டப்போறேன்ணா. முடிச்ச பாடத்தைச் சிவப்புப் பேனாவுல அடிச்சிருவேன்” என்றாள். ஆறேழு மாதம் கழித்து அந்தத் தாள்களைப் போட்டோ எடுத்துவந்து காட்டினாள். மூலையில் எண்ணெய்க் கறை, நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்த தடம், மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு. அப்போது அறிவிப்பே வந்திருக்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒரு வேலையை முடித்த களை இருந்தது. அறிவிப்பு வராத மாதங்களில் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல பிடி அந்த மாதிரி ஒரு சிவப்புக் கோடுதான். நாளைக்கு என்ன நடந்தாலும் இன்று அடித்த கோட்டை யாரும் அழிக்க முடியாது.

“வேலையை விட்டுட்டு முழு நேரமாப் படிக்கட்டுமா?”

வீட்டில் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, அம்மா அப்பாவும் மனசார ஒத்துக்கொள்கிறார்கள் என்றால், முதல் தேர்வுக்கு முந்தைய ஆறு மாதமோ ஒரு வருஷமோ முழு நேரம் படிப்பதில் தப்பே இல்லை. அதற்கு மேல் முழு நேரம் வேண்டாம் என்பது என் எண்ணம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

காரணம் பணம் மட்டும் இல்லை. இங்கே ஒரு தம்பி மில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தான். காலை எட்டு மணிக்கு நூலகம், ராத்திரி எட்டு மணிக்கு வீடு. நான்கு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் மதியத் தூக்கம், மாலையில் டீக்கடையில் கட்-ஆப் பேச்சு என்று ஆனது. பன்னிரண்டு மணி நேரம் கையில் இருந்தும் படித்தது மூன்று மணி நேரம். அதே நேரத்தில் இன்னொருவன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு மணி வரை வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை படித்தான். அவன் கையில் இருந்தது நாலு மணி நேரம்தான். ஆனால் மாதம் பிறந்தால் கையில் சொந்தக் காசு, டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வு வகுப்பு) கட்டணத்துக்கு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. சில்லறைக்கு அப்பாவிடம் கை நீட்டும்போது சுருங்குகிறதே ஒரு மனசு, அது படிப்பையும் சேர்த்துச் சுருக்கிவிடும்.

இன்னொன்று. வீட்டில் இருந்து படிக்கும் பெண் பிள்ளைகளை யாரும் “வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள்” என்று சொல்வதில்லை. சமையல், தண்ணீர் பிடிப்பது, மாட்டுக்குத் தீவனம், தம்பியின் துணி எல்லாம் அவள் தலையில். தங்கச்சி, அதுவும் வேலைதான். வீட்டில் உட்கார்ந்து பேசி, ஒரு நாளைக்கு யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொள். எந்த நேரம் என்பதையும் பேசி முடிவு செய்துகொள்.

“கோச்சிங் சென்டர் போகலைன்னா முடியாதா?”

முடியும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்வருகிறார்கள். ஒரு ஒழுங்குக்காக வகுப்பில் சேர்வதாக இருந்தால் சேருங்கள். கடன் வாங்கிச் சேராதீர்கள்.

“உண்மையைச் சொல்லுங்கண்ணே, இதெல்லாம் நேர்மையாத்தான் நடக்குதா?”

தப்பு நடந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் மேலிடங்களில் மொத்தமாக வந்தார்கள். விசாரணை நடந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை போட்டது. கைதுகளும் நடந்தன. அதன் பிறகுதான் விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவது வட்டம் வந்தது. காலியாக விட்ட இடத்தை வேறு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக.

இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. “எல்லாம் காசுக்குத்தான்” என்று நம்பத் தொடங்குகிறவர்களில் இரண்டு வகையைப் பார்க்கிறேன். ஒரு வகை, படிப்பை விட்டுவிடுகிறது. இன்னொரு வகை, “அஞ்சு லட்சம் குடு, முடிச்சுத் தர்றேன்” என்று வருகிறவனிடம் போய் மாட்டிக்கொள்கிறது. அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, அவன் போன் எடுக்கவில்லை என்று என் கடையில் வந்து அழுதவர்கள் உண்டு. போலீசுக்குப் போகவும் பயம், கொடுத்ததும் தப்பு என்பதால். ஒரு ரூபாய்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் பார்த்தவரை இந்த ஊரிலிருந்து வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் படித்துப் போனவர்கள்தான்.

“விசேஷ வீட்டுக்குப் போனாலே ‘என்ன பண்றே?’னு கேக்குறாங்க. அதுக்குப் பயந்தே எங்கயும் போறதில்லை.”

போங்கள். காதுகுத்து, வளைகாப்பு, திருவிழா எதையும் விடாதீர்கள். “வேலை கிடைச்ச அப்புறம் போவோம்” என்று நீங்கள் தள்ளிவைக்கும் விசேஷத்தில் தாத்தா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். அடுத்த விசேஷத்தில் இருப்பார்களா என்பது யாருக்குத் தெரியும்? 2016-ல் என் அக்கா மகள் சடங்குக்கு நான் தேர்வைச் சொல்லிப் போகவில்லை. அன்றைக்கு நூலகத்தில் என்ன படித்தேன் என்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் போட்டோக்களில் நான் இல்லாதது மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் படுகிறது.

கேட்டால் சொல்வதற்கு ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். “காலையில பால் ஊத்துறேன் சித்தி, மத்த நேரம் பரீட்சைக்குப் படிக்கிறேன்.” அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு “சும்மாதான் இருக்கேன்” என்றால்தான் அடுத்த கேள்வி வரும்.

“கூடவே படிச்சவ பாஸாயிட்டா. என்னால சந்தோஷப்பட முடியலை. நான் கெட்டவளாண்ணா?”

இல்லைம்மா. இரண்டு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, ஒருத்திக்கு மட்டும் கிடைத்தால் இன்னொருத்திக்கு வலிக்கத்தான் செய்யும். அதை மறைக்க நீ அவளிடமிருந்து விலகிப் போவதுதான் எனக்குக் கவலை. ஒரு வாரம் எடுத்துக்கொள். அப்புறம் போய் அவள் கையைப் பிடித்து வாழ்த்து சொல்லிவிட்டு, “எனக்கு அழுகையும் வருதுடி” என்பதையும் சொல். அவளுக்குப் புரியும், நேற்றுவரை அவளும் உன் பக்கத்தில்தான் இருந்தாள். நல்ல தோழியாக இருந்தால் குறிப்பேடுகளை அவளே தூக்கிக்கொண்டு வருவாள்.

“ஒரே ஒரு கேள்வியில போச்சுண்ணே. எப்படித் தேறுறது?”

200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். ஒரு வட்டம் மாறி நிரப்பியதில் போனவர்களை எனக்கு நேரில் தெரியும். அந்த வலிக்கு என்னிடம் மருந்து இல்லை. கொஞ்ச நாள் அந்தக் கேள்வி கனவில்கூட வரும்.

ஒரே ஒரு நடைமுறை யோசனை. ரிசல்ட் வந்த நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். “இனிமே எழுதவே மாட்டேன்” என்பதும் வேண்டாம், “அடுத்த தடவை பதினாறு மணி நேரம் படிப்பேன்” என்பதும் வேண்டாம். அன்று போனை அணைத்துவிட்டு, நம்மைப் பிடித்தவர்கள் யாராவது இருக்கிற வீட்டில் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். அப்புறம் பத்துப் பதினைந்து நாள் கழித்து விடைக்குறிப்போடு உட்காருங்கள். ஒரு கேள்வியில் போன மாதிரித்தான் தெரியும். பிரித்துப் பார்த்தால் விடை தெரிந்தும் தப்பாகப் போட்டது பத்து இருக்கும். தமிழில் கவனக்குறைவு, கணக்கில் நேரம் போதாதது என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். “போச்சு” என்பது ஒரு பாறை. பத்துத் தப்பு என்பது பத்துக் கல், ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

“ராத்திரி தூக்கம் வர்றதில்லை. எதுவுமே பிடிக்கலை. இருந்து என்ன பண்ணன்னு தோணுது.”

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. கடை அடைக்கும் நேரத்தில் மெதுவாகச் சொல்வார்கள். மேலே சொன்ன சிவப்புக் கோடு, ஒரு வரிப் பதில் எல்லாம் இதற்குப் போதாது. ரெண்டு மூணு வாரமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதை உடம்புக்கு வந்த காய்ச்சல் மாதிரி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பார்க்கிறார்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ உடனே கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். என் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தாலும் தட்டுங்கள். ஒரு பரீட்சைக்காக இந்த ஊர் ஒரு பிள்ளையையும் இழக்கக் கூடாது.

“வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்க. வேலை கிடைச்ச அப்புறம்தான் கல்யாணம்னு சொல்லலாமா?”

சொல்லலாம், தேதியோடு சொல். “வேலை கிடைத்த பிறகு” என்றால் அப்பா அம்மாவுக்கு அது முடிவில்லாத ஒன்றாகத் தெரிகிறது, அவர்களும் பயந்துதான் அவசரப்படுகிறார்கள். “அடுத்து வரும் தேர்வு முடியும்வரை மட்டும் பொறுங்கள், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்” என்று சொன்னால் பல வீடுகளில் கேட்கிறார்கள். அப்படியே கல்யாணம் முடிவானாலும் படிப்பு நிற்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே, நாலு பேர் இருக்கும்போது, “தேர்வு எழுதுவேன், போஸ்டிங் எந்த ஊரில் வந்தாலும் போவேன்” என்று பேசிவிட வேண்டும். கைக்குழந்தையோடு வந்து ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். தேர்வு மையத்தின் வாசலில் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் கணவர்களையும் பார்க்கிறேன். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

“எப்பதான் நிறுத்துறது?”

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் கஷ்டமானது. நிறுத்தச் சொல்ல யாரும் வர மாட்டார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு இந்தத் தேர்வின் பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. இது பெரிய உரிமை, வேண்டியதுதான். ஆனால் அதனாலேயே எல்லைக்கோட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு காட்சி சொல்கிறேன். பிசி, எம்பிசி பிரிவினருக்குத் தேர்வுக் கட்டணத்தில் மூன்று தடவை விலக்கு உண்டு. நாலாவது தடவை விண்ணப்பம் போடும்போது திரையில் ‘கட்டணம் 100 ரூபாய்’ என்று வரும். நூறு ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் ஆகிவிடுவார்கள். “மூணும் முடிஞ்சிருச்சா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடமாக நான் நினைக்கிறேன்.

அப்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, மாதிரித் தேர்வுகளில் உங்கள் மதிப்பெண் ஏறுகிறதா, இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறதா? நின்றால் படிக்கும் முறையை மாற்றி ஒரே ஒரு தேர்வு எழுதிப் பாருங்கள். இரண்டு, வீடு தாங்குகிறதா? அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கடன் ஏறுகிறது என்றால் அதற்கு நம் தேர்வுத் தேதி தெரியாது. மூன்று, காலையில் புத்தகத்தைத் திறக்கும்போது என்ன தோன்றுகிறது? அலுப்பு எல்லாருக்கும் வரும். வெறுப்பு மாதக்கணக்கில் இருந்தால் கவனியுங்கள். எந்தத் தேர்வோடு முழு நேரப் படிப்பை நிறுத்துவது என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நிறுத்துவது என்றால் இனிமேல் எழுதவே கூடாது என்று இல்லை. ஒரு வேலையில் உட்கார்ந்துகொண்டு எழுதலாம். பாஸாகிப் போனவர்களில் அப்படி எழுதியவர்கள் கணிசம்.

“நிறுத்திட்டா இத்தனை வருஷம் படிச்சது வீண்தானே?”

போன சம்பளமும் போன வயசும் திரும்பாது. அதை இல்லையென்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் படித்தது எங்கே போய்விடும்? தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த ஒருவன் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்து இப்போது கணக்கு முழுக்க அவன் பொறுப்பு. தமிழைக் கரைத்துக் குடித்த ஒரு தங்கை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள், திண்ணை போதாமல் மாடிக்கு மாறியிருக்கிறாள். அதே படிப்பை வைத்து வேறு வாசலைத் தட்டலாம். காவலர் தேர்வு, ரயில்வே, வங்கி இருக்கின்றன. மத்திய அரசுப் பணிகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் எம்டிஎஸ் (பல்நோக்குப் பணியாளர்) தேர்வை இப்போது தமிழிலேயே எழுதலாம். கிராம அஞ்சல் பணிக்குத் தேர்வே இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான்.

தட்டச்சை மறக்காதீர்கள். லோயர், ஹையர் முடித்தால் குரூப் 4-லேயே தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம். கட்-ஆப் பெரும்பாலும் கொஞ்சம் கீழே இருக்கும். அரசு வேலை வராவிட்டாலும் டைப்பிங் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் ஒரு நாற்காலி உண்டு.

“வேலை கிடைச்சிருச்சுண்ணா. ஆனா நினைச்ச நிறைவு இல்லையே?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்த ஒரு பெண் தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது கேட்டாள். வடக்கே ஒரு தாலுகா அலுவலகம். அடிப்படைச் சம்பளம் 19,500. வாடகை போக, வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் குறைவு. காலையிலிருந்து தபால் பதிவு, கோப்பு, அதட்டல். “இதுக்கா நாலு வருஷம் படிச்சேன்?” என்றாள். நாம் எல்லாரும் ஆர்டர் கையில் வாங்குவது வரைக்கும்தான் கனவு காண்கிறோம். அதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு என்ன செய்வோம் என்று யோசிப்பதே இல்லை.

அவளிடம் ஒன்றைத்தான் கேட்டேன், இந்த மாதம் உன் கையால் முடிந்த ஒரு வேலையைச் சொல் என்று. யோசித்துச் சொன்னாள். ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனு நிலுவையில் கிடந்ததாம். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர். இவள் பார்த்து, எந்தெந்தத் தாள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாதம் 1,200 ரூபாய் வரத் தொடங்கியதும் பாட்டி இரண்டு கொய்யாப்பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாராம். சொல்லும்போதே அவள் குரல் மாறியது. அந்த அலுவலகத்தில் அந்த மாதிரி எத்தனை மனுக்கள் கிடக்கும்! துறைத் தேர்வுகளையும் எழுதச் சொன்னேன், பதவி உயர்வுக்கு வழி அதுதான்.

“நீங்க ஏன்ணே நிறுத்தினீங்க? வருத்தமா இல்லையா?”

2018 பிப்ரவரித் தேர்வுதான் என் கடைசி. அப்பாவுக்குக் கண் மங்கி, தறியில் இழை அறுந்தால் கண்டுபிடிக்க முடியாமல் போன வருஷம் அது. டெஸ்ட் பேட்ச் கட்டணத்துக்காக ஒரு பிரவுசிங் சென்டரில் மாலை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் யாரோ சாதிச் சான்றிதழ் எண்ணைத் தப்பாக ஏற்றி ஒரு பையனின் வாய்ப்பே போனதை அங்கே பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சம்பந்தப்பட்டவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சமர்ப்பிப்பேன். அதில் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. ரிசல்ட்டில் பேர் இல்லை. அடுத்த வருஷம் கடன் வாங்கி இந்தக் கடையைப் போட்டேன்.

வருத்தம் உண்டு. என் கூடப் படித்தவன் ஜீப்பில் வந்து இறங்கும்போது ஒரு நொடி வரும். பிறகு அடுத்த ஆள் ஆதாரை நீட்டுவார், வேலையைப் பார்ப்பேன்.

போன தடவை கடைசித் தேதி அன்று ராத்திரி பதினொன்றே கால் இருக்கும். கொத்தனார் வேலைக்குப் போகும் ஒரு தம்பி, சிமெண்ட் காயாத கையோடு ஓடிவந்தான். போட்டோ ஏறவில்லை, அளவைக் குறைத்தேன். ஓடிபி வரவில்லை, போனை வாசலில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சான்றிதழ் எண் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் “சரிண்ணே, சரிண்ணே” என்றான். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு விண்ணப்ப எண் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டான். “நாளையிலேர்ந்து படிக்கணும்ணே” என்றான். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று கடையில் கிடந்தது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.